தாயைக் காப்பது சேயைக் காப்பதாகும்: கர்ப்ப காலத்தில் ஈரல் புற்றுநோய்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் எமது கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சகோதரர் ஒருவர் எழுதிய கடிதத்தை முன்வைத்தே இன்றைய உரையை அமைத்துக்கொள்கின்றேன். அவருடைய மனைவி 22 வாரக் கர்ப்பிணி. வலப்பக்க விலாவின் கீழே நோவு என்று அவர் சொன்னபோது, அது கர்ப்ப காலத்தில் வரும் சாதாரண உபாதை என்றே வீட்டார் எண்ணினர். ஸ்கேன் பரிசோதனையில் ஈரலில் ஒரு கட்டி தென்பட்டது. மேலும் பரிசோதித்த வைத்திய நிபுணர்கள் அது புற்றுநோய் என்று உறுதிப்படுத்தினர். நோய் ஈரலுக்கு வெளியே பரவவில்லை, இப்பொழுதே சத்திரசிகிச்சை மூலம் அகற்றலாம், பிரசவம் வரை தாமதிப்பது ஆபத்தானது என்பது அவர்களின் ஆலோசனை.

குடும்பத்திலோ மூன்று விதமான பேச்சு. "பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றனர் சிலர். "கர்ப்பத்தைக் கலைத்துவிடுங்கள்" என்கின்றனர் வேறு சிலர். "கர்ப்பிணியாக மௌத்தாகும் பெண்ணுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு, அல்லாஹ்வின் நாட்டப்படி நடக்கட்டும்" என்பது இன்னும் சிலரின் பேச்சு. கடிதத்தின் இறுதியில் அந்தச் சகோதரர் கேட்கிறார்: "சத்திரசிகிச்சைப் பத்திரத்தில் நான் கையொப்பமிட்டு, பிள்ளை இறந்துபோனால், அந்தப் பிள்ளையைக் கொன்ற பாவம் என் மீது எழுதப்படுமா?"

சகோதரரே, எழுதப்படாது. இந்தப் பதிலை முதலில் உங்கள் உள்ளத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அதற்கான காரணங்களை இனி நோக்குவோம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பிரயாணம் ஒன்றில் ஒரு தோழரின் தலையில் காயம் ஏற்பட்டது. அவர் மீது குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்வதற்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் வினவினார். தண்ணீர் இருக்கையில் சலுகை கிடையாது என்றனர் அவர்கள். அவர் குளித்தார், மரணமானார். செய்தியறிந்த நபியவர்கள், தீர்ப்புச் சொன்னவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்துகொண்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நோயாளியின் நிலையை அறியாமல் சொல்லப்படும் மார்க்கத் தீர்ப்பு உயிரைப் பறிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? ஆகவே, வைத்தியர்கள் என்ன கூறுகின்றனர் என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

கர்ப்ப காலத்தில் ஈரல் புற்றுநோய் ஏற்படுவது மிக அரிது. அதனைக் கண்டுபிடிப்பதும் இலகுவன்று. குமட்டல், களைப்பு, வயிற்றின் மேற்பகுதி நோவு ஆகியன கர்ப்பத்தினாலும் வருவனவே. ஈரல் புற்றுநோயைக் காட்டித்தரும் ஒரு புரதம், கர்ப்பிணியின் குருதியில் சிசுவின் காரணமாக இயல்பாகவே உயர்ந்து காணப்படும். எனவே அந்த ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. வயிற்று ஸ்கேன் பரிசோதனை சிசுவுக்குத் தீங்கு விளைவிப்பதில்லை. தேவையேற்படின், சாய மருந்து ஏற்றாமல் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் செய்யப்படுகிறது.

சிகிச்சை என்பது கர்ப்பத்தின் காலத்தையும் நோயின் பரவலையும் பொறுத்து வேறுபடும். முதல் 3 மாதங்கள் சிசுவின் உறுப்புகள் உருவாகும் காலமாகும். புற்றுநோய்க்கான பல மருந்துகள் அக்காலத்தில் பெருங்கேடு விளைவிக்கக்கூடியவை. சொராபெனிப் போன்ற மாத்திரைகள் கர்ப்ப காலம் முழுவதிலும் தவிர்க்கப்படுகின்றன. 4ஆம் மாதம் முதல் 6ஆம் மாதம் வரையான காலமே சத்திரசிகிச்சைக்கு ஒப்பீட்டளவில் பொருத்தமானது. உறுப்புகள் உருவாகும் கட்டம் அப்போது கடந்திருக்கும். கருப்பையும் சத்திரசிகிச்சைக்கு இடையூறாகும் அளவுக்குப் பெருத்திருக்காது. இவ்வாறு ஈரலின் ஒரு பகுதி அகற்றப்பட்ட பின்னரும் கர்ப்பம் தொடர்ந்து, உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுத்த தாய்மார் இருக்கின்றனர். கர்ப்பம் 8 மாதத்தைக் கடந்திருப்பின், முதலில் குழந்தையைப் பிரசவிக்கச் செய்து, அதன் பின் தாய்க்குச் சிகிச்சையளிப்பதும் உண்டு.

நேயர்களே, இப்போது அந்த மூன்று பேச்சுக்களையும் நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, பிரசவம் வரை பொறுப்பது. கட்டி பெருகி வெடித்து வயிற்றினுள் குருதி பாய்ந்தால், தாயும் சேயும் ஒருசேர ஆபத்துக்குள்ளாவர். 22 வாரச் சிசுவுக்குத் தாயின் வயிற்றைத் தவிர வேறு வீடு கிடையாது. அந்த வீடு இடிந்தால் அதற்குள் இருப்பவரும் தப்புவது அரிது. ஆகவே இந்தப் பெண்ணின் விடயத்தில் தாயா, சேயா என்ற கேள்விக்கே இடமில்லை. தாயைக் காப்பதே சேயைக் காப்பதற்குரிய வழியாகும். ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992ஆம் ஆண்டு தனது 7ஆவது அமர்வில், சிகிச்சையைக் கைவிடுவதால் உயிரோ உறுப்போ அழியுமெனில் சிகிச்சை பெறுவது வாஜிபாகும் என்று தீர்மானித்தது. எம்மை நாமே அழிவில் இட்டுக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கின்றதல்லவா?

இரண்டாவது, கர்ப்பத்தைக் கலைப்பது. 120 நாட்களில் சிசுவுக்கு ரூஹ் ஊதப்படுவதை இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் ஹதீஸிலிருந்து உலமாக்கள் விளங்குகின்றனர். அதற்கு முந்திய கருவையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கண்ணியமானதாகவே கருதினார்கள். கருவின் வளர்ச்சிக்கேற்ப அதை அழிப்பதன் குற்றமும் கடுமையாகிறது என்றார்கள். மக்காவிலுள்ள ராபிதாவின் பிக்ஹ் சபை 1990ஆம் ஆண்டு வழங்கிய தீர்மானத்தின்படி, 120 நாட்களின் பின் கருவைக் கலைப்பது கூடாது. ஆயினும், கர்ப்பம் தொடர்வது தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து என்று நம்பகமான நிபுணர் குழு முடிவு செய்தால், பெரிய தீங்கைத் தடுப்பதற்காக அது அனுமதிக்கப்படும். எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவும் தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதை மாத்திரமே விலக்களிக்கின்றது. இந்தச் சகோதரியின் விடயத்தில் வைத்தியர்கள் கருக்கலைப்பைக் கோரவில்லை. அவர்கள் கேட்காத ஒன்றை நாம் ஏன் முன்வைக்க வேண்டும்? நாளை நிலைமை மாறி, நிபுணர்கள் ஒன்றுகூடி வேறு வழியில்லை என்று கூறுவார்களாயின், அப்போது மார்க்கத்தின் கதவு அடைபட்டிருக்காது.

மூன்றாவது, ஷஹீதுடைய அந்தஸ்து. கர்ப்பத்தோடு மரணிக்கும் பெண்ணுக்கு அந்தச் சிறப்பு உண்டு என்பது ஹதீஸில் வந்துள்ளது. ஆனால் அது மரணம் நேர்ந்துவிட்டவளின் குடும்பத்துக்கு அல்லாஹ் அருளிய ஆறுதலாகும். உயிரோடிருப்பவளை மரணத்தின் பக்கம் தள்ளுவதற்கான ஆதாரமன்று. நீரில் மூழ்கி இறப்பவருக்கும் அந்த அந்தஸ்து உண்டு. அதற்காக ஆற்றில் தத்தளிப்பவரைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்போமா? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரழி) அவர்கள் அங்கு நுழையாமல் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என வினவப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே தாம் செல்வதாக விளக்கினார்கள். சத்திரசிகிச்சைக் கூடமும் அல்லாஹ்வின் விதிக்கு அப்பாற்பட்டதன்று.

இனி, கையொப்பத்துக்கு வருவோம். தகுதியுள்ள வைத்தியர், நோயாளியின் அனுமதியோடு, கவனக்குறைவின்றிச் சிகிச்சையளித்து, அதன் பின் விபரீதம் நேர்ந்தால் அவர் மீது குற்றமில்லை என்பது பிக்ஹ் நூல்களில் உள்ள சட்டமாகும். வைத்தியர் மீதே குற்றமில்லாதபோது, நல்லெண்ணத்துடன் சம்மதித்த கணவர் மீது எப்படிக் குற்றம் வரும்? இன்னொன்றையும் கூறவேண்டும். பருவமடைந்த, புத்தி சுவாதீனமுள்ள பெண்ணின் உடல் குறித்த அனுமதி முதலில் அவளுக்குரியது. மாமியும் மச்சானும் கூடிப் பேசி முடிவெடுக்கும் வீட்டில், நோயாளியிடம் எவராவது கேட்டார்களா? சகோதரரே, இன்றிரவே உங்கள் மனைவியின் அருகில் அமர்ந்து, வைத்தியர் கூறியதை மறைக்காமல் எடுத்துரைத்து, அவரது விருப்பத்தைக் கேளுங்கள்.

அத்தனை கவனத்துக்குப் பின்னரும் அல்லாஹ்வின் நாட்டத்தால் பிள்ளை இறந்து பிறந்தால், 4 மாதம் பூர்த்தியான அச்சிசுவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, கண்ணியமாக அடக்கம் செய்யுங்கள். தாயைக் குறைகூறும் ஒரு சொல்லும் அந்த வீட்டில் எழக்கூடாது.

ஊர் ஜமாஅத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாயினும், பயணச் செலவும் வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளின் பராமரிப்பும் ஏழைக் குடும்பத்தை வாட்டிவிடும். ஈரல் சத்திரசிகிச்சைக்கு இரத்தமும் தேவைப்படும். துஆச் செய்யும் நாவோடு, இரத்தம் வழங்கும் கரங்களையும் அல்லாஹ் விரும்புகின்றான். ஓதிப் பார்ப்பது நல்லதே. ஆனால் அது வைத்தியசாலைக்குச் செல்லும் வழியை மறிக்கக்கூடாது.

கர்ப்பிணிச் சகோதரிகளே! முன்பு செங்கமாரி நோய் கண்டிருந்தாலோ, குடும்பத்தில் ஈரல் நோய் இருந்தாலோ, அதை முதல் கிளினிக்கிலேயே கூறிவிடுங்கள். ஹெபடைடிஸ் பீ கிருமி தாயிடமிருந்து பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றி, பல்லாண்டுகளின் பின் ஈரல் புற்றுநோயாக மாறக்கூடியது. பிறந்த முதல் நாளிலேயே ஏற்றப்படும் தடுப்பூசி அந்தப் பிள்ளையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

யா அல்லாஹ்! அந்தச் சகோதரிக்கும் அவரது வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் பூரண ஷிபாவை அருள்வாயாக. வைத்தியர்களின் கரங்களில் பரக்கத் செய்வாயாக. அறியாமல் தீர்ப்புச் சொல்லும் தவறிலிருந்து எங்கள் அனைவரையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.