பழைய கார், புதுக் கடன்: பழுது வந்தால் யாரைக் கேட்பது?

(மயூர் விஹார் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சென்ற மாதம் இதே இடத்தில் சுந்தரகாண்டம் கேட்டீர்கள். இந்த மாதம் செகண்ட் ஹாண்ட் கார். காரியதரிசி அவர்களுக்குத் துணிச்சல் அதிகம்! நான் வக்கீல் அல்ல. பௌதிகம் படித்து, அரசாங்கத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டப் புத்தகத்தையும் ஃபைல் மாதிரியே செக்ஷன் செக்ஷனாகப் படிக்கிற வழக்கம் உண்டு. அவ்வளவுதான் என் தகுதி.

இந்தத் தலைப்புக்குக் காரணம், நம் அங்கத்தினர்களில் நாலைந்து பேர் வெவ்வேறு சமயங்களில் கேட்ட ஒரே கேள்வி. "லோன் போட்டுப் பழைய கார் வாங்கினான் பிள்ளை. இரண்டே மாதத்தில் கியர் பாக்ஸ் போய்விட்டது. ஓடாத காருக்கு எதற்கு இ.எம்.ஐ. கட்ட வேண்டும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டத்தான் வேண்டும். கட்டிக்கொண்டேதான் சண்டை போட வேண்டும்.

அத்திம்பேரிடம் கைமாற்று வாங்கிக் கடையில் புடவை எடுக்கிறோம். முதல் நனைப்பிலேயே சாயம் போய்விட்டது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம். அத்திம்பேரிடம் போய், "சாயம் போய்விட்டது, பணம் தர மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? கார் விஷயத்திலும் விற்றவரோடு ஒரு ஒப்பந்தம், பணம் கொடுத்த கம்பெனியோடு இன்னொரு ஒப்பந்தம். கையெழுத்து இரண்டையும் ஒரே மேஜையில் வாங்கிக்கொண்டு போய்விடுவதால் நமக்கு ஒன்று போலத் தெரிகிறது. சட்டத்தின் பார்வையில் அவை இரண்டு.

எல்லா தேசத்திலும் இப்படி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஹயர் பர்ச்சேஸில் கார் எடுத்தால், சட்டப்படி காரை வழங்குபவரே ஃபைனான்ஸ் கம்பெனிதான். 2015ஆம் வருடத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான காரை 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் பழுது, கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். அமெரிக்காவில் டீலரே கடன் ஏற்பாடு செய்து கொடுத்தால், டீலர் மேல் உள்ள குறையைக் கடன் கம்பெனி மீதும் சொல்லலாம் என்று 1976 முதல் விதி இருக்கிறது. நம் தேசத்தில் இதற்கு ஈடான விதி கிடையாது. 1972ல் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் ஒன்று பார்லிமெண்டில் நிறைவேறியது. அதை அமலுக்குக் கொண்டுவரவே இல்லை. முப்பத்து மூன்று வருஷம் அப்படியே கிடந்து, 2005ல் ரத்தும் ஆயிற்று. அமலுக்கு வராமலே ஓய்வு பெற்ற சட்டம்! அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இ.எம்.ஐ.யை நிறுத்தினால் என்ன ஆகும்? தெரிந்த குடும்பத்துப் பையன் கோபத்தில் நிறுத்தினான். பேங்குக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. நாலாவது மாதம் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிபில் மதிப்பெண் விழுந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தக் கியர் பாக்ஸ்தான் அவனுடைய சாட்சி. காரோடு சாட்சியும் போய்விட்டது. ஏலத்தில் எடுத்தவர் அதை மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பார்.

காரை எடுத்துப் போக அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்றால், ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. ஆனால் முறை இருக்கிறது. சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் சம்பந்தப்பட்ட வழக்கில், 2011 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், கம்பெனியே சொந்தக்காரர் என்றாலும் பலாத்காரமாக வண்டியைப் பறிக்க ஒப்பந்தம் உரிமை தராது என்று சொல்லிவிட்டது. நோட்டீஸ், அவகாசம், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை. அதற்காக மீசையை முறுக்க வேண்டாம். 2020 அக்டோபரில் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் என்ன ஆயிற்று? சில தவணைகளோடு நிறுத்திவிட்டவரின் வண்டியைக் கம்பெனி எடுத்தது செல்லும் என்றே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நோட்டீஸ் சரியாகத் தராத குற்றத்துக்காக அவருக்குக் கிடைத்தது ரூ.15,000. வண்டி போயிற்று, பதினைந்தாயிரம் வந்தது. இந்தக் கணக்கை வீட்டில் இளைஞர்களிடம் சொல்லுங்கள்.

இனி விற்றவர் பக்கம். நம் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பழைய சாமான் என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று டீலர் சொன்னால் நம்பாதீர்கள். 2019ஆம் வருடத்துச் சட்டம் 'சரக்கு' என்பதில் புதிது, பழையது என்று பிரிக்கவில்லை. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. வியாபாரியிடம் இன்ன சாமான் என்று சொல்லி வாங்கினால் அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 16வது செக்ஷன். கூடவே ஒரு வாலும் உண்டு. வாங்குபவர் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அப்புறம் புகார் கூடாது. பம்பரில் கீறல் என்று வழக்குப் போட முடியாது. எஞ்சினுக்குள் இருந்த குறைக்குப் போடலாம். பத்து வருஷத்துக் காரில் பிரேக் பேட் தேய்ந்திருப்பது பழுதல்ல, வயது. இந்த வித்தியாசத்தை ஆணையமும் பார்க்கும்.

'இருக்கிற நிலையில் விற்கப்பட்டது' என்று ரசீதில் அச்சடித்திருப்பார்கள். அது பேசாத விஷயங்களுக்கு வேண்டுமானால் உதவும். கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டியதற்கோ, விபத்தில் நசுங்கியதை மறைத்ததற்கோ அது கேடயம் ஆகாது. ஆகவே டீலர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். 'விபத்து இல்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை, கிலோமீட்டர் இவ்வளவு, மூன்று மாத வாரண்டி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால்கூடப் போதும். வாய் வார்த்தை காற்றோடு போய்விடும்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். பக்கத்து பிளாக் மாமா தன் காரை விற்றால் அவர் வியாபாரி அல்ல. அவரை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுப்பது கடினம். மோசடி, தவறான தகவல் என்று சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். விலை இருபதாயிரம் குறைவு என்பதற்காக நாம் விட்டுக்கொடுப்பது இதைத்தான். பழைய கார் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. கரோல் பாகில் எத்தனை கடைகளில் அது மாட்டியிருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். இணையத்தில் விற்கும் கம்பெனிகள் என்றால், 2020ஆம் வருடத்து மின் வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகப் பதில் தந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

நம் பேட்டைக்கே உரிய இரண்டு ஆபத்துகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது யமுனை. 2023 ஜூலை 13 அன்று நீர்மட்டம் 208.66 மீட்டர். 1978ன் 207.49 மீட்டரையும் தாண்டியது. மேம்பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டிருந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். சென்னை அங்கத்தினர்களுக்கு 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் மறக்காது. அப்படி மூழ்கும் கார்கள் எங்கே போகின்றன? கழுவி, காயவைத்து, வாசனை அடித்து வேறு ஊரில் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. எலக்ட்ரிக் இணைப்புகளில் நுழைந்த ஈரம் உடனே காட்டாது. செம்பும் தகரமும் மெதுவாக அரிக்கும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக மக்கர் செய்யும். வாங்குவதற்கு முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவன் அதுவரை இழுக்க மாட்டான். சேற்றுக் கறை அங்கே இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புப் பாதையில் துரு இருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23வது வாரம். இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற காரில் நாலு டயரும் காரைவிட இளையதாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால் இன்னும் நல்லது. விற்பதற்கு முன் தப்புக் குறியீடுகளை அழித்திருந்தால், காரின் சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். திருடன் கைரேகையைத் துடைத்த இடம் மட்டும் பளபளப்பாக இருப்பது மாதிரி.

இரண்டாவது, வண்டியின் வயது. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே கோர்ட் வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றது. அதே வருடம் டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4க்கும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் என்று சுருக்கியது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்தில் எட்டு வருஷத்து டீசல் காருக்கு நாலு வருஷக் கடன் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? கார் தெருவில் ஓட முடியாமல் போன பிறகும் தவணை ஓடக்கூடும் என்பதற்குக் கையெழுத்துப் போடுகிறார். பேங்க் இதைச் சொல்லாது. கார் ஓடுவது அவர்கள் கவலை அல்ல.

பழுது வந்துவிட்டது, இனி என்ன? முதல் காரியம், கண்ட இடத்தில் பிரித்துச் சரிசெய்யாதீர்கள். டீலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். ரிஜிஸ்டர்ட் போஸ்ட் என்று தேடி அலைய வேண்டாம். 2025ல் அது ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அதில் அனுப்பி ரசீதை வையுங்கள். கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் காட்டி, என்ன பழுது, எத்தனை நாளாக இருந்திருக்கும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். பிரித்தே ஆக வேண்டுமானால் கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். மாமிகள் திட்டினாலும் பரவாயில்லை, பால்கனியில் கிடக்கட்டும்.

கடன் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட வேண்டும். 'வண்டி பழுது, டீலரிடம் புகார் கொடுத்திருக்கிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் தவணை கட்டிவருகிறேன்' என்று. நிஜமாகவே கட்ட முடியவில்லை என்றால் தவணை தவறுவதற்கு முன்பே அவகாசம் கேளுங்கள்.

கட்டிய இ.எம்.ஐ. வீணா என்றால், இல்லை. அதையே நஷ்ட ஈடாகக் கேட்கலாம். 2010 நவம்பரில் ஃபியட் இந்தியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சுதந்திரமான நிபுணர் ஒருவர் காரைப் பார்க்கட்டும் என்றது. தயாரிப்புக் குறை என்று அவர் சொன்னால் விலை, ஆயுள் வரி, இ.எம்.ஐ. எல்லாவற்றையும் 12 சதவீத வட்டியோடு திருப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. அது புதுக் கார் வழக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் இ.எம்.ஐ.யைக் கேட்கலாம் என்பதற்கு அது நல்ல ஆதாரம். எல்லாம் அந்த நிபுணர் அறிக்கையில் போய் நின்றது என்பதையும் கவனியுங்கள். சட்டத்தின் 38வது செக்ஷன்படி பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தையே கேட்கலாம். அதன் செலவை நம்மைக் கட்டச் சொல்லலாம். கட்டுங்கள்.

கடன் கம்பெனியையும் எதிர்க்கட்சியாகச் சேர்க்கலாமா? விற்றவரும் கடன் கொடுத்தவரும் ஒரே குழுமம் என்றாலோ, கம்பெனியே தஸ்தாவேஜுகளில் தப்புப் பண்ணியிருந்தாலோ சேர்க்கலாம். பழைய கடன் தீராமலே காரை விற்றிருப்பார்கள், ஆர்.சி.யில் முந்தைய பேங்கின் பெயர் அப்படியே இருக்கும். 35ஆம் நம்பர் படிவமும் பேங்கின் நோ அப்ஜெக்ஷனும் கையில் வராமல் பணம் முழுவதையும் கொடுக்காதீர்கள். கடன் ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடை இல்லை, எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது.

ஆணையத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, பத்து லட்சம் வரை ரூ.200. டீலர் குருகிராமில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது மயூர் விஹார்க்காரர்கள் கிழக்கு டெல்லி மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 1986ஆம் வருடத்துச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. காரணம் எழுந்த தேதியிலிருந்து இரண்டு வருஷம்தான் கெடு. 'பார்க்கலாம், சார்' என்று டீலர் இழுத்தடிப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் போகும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. பல டீலர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

வழக்கு சட்டத்தில் சொன்ன மூன்று, ஐந்து மாதத்தில் முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வருஷங்கள் ஆகலாம். அதுவரை இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றி வையுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் செய்ய வேண்டிய வேலை அது. ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு 30 நாள். காரை விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறாமல் அந்தக் கார் யார் மேலாவது ஏறினால், பதிவில் உள்ளவரே சொந்தக்காரர் என்று 2018ல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. சாவியைக் கொடுத்த அன்றே படிவம் 29ஐயும் கொடுத்துவிடுங்கள்.

கேள்விகள் இருந்தால் காப்பி குடித்துக்கொண்டே பேசலாம். கடன் ஒப்பந்தம் கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். மூக்குக்கண்ணாடியும் கொண்டுவாருங்கள், எழுத்து ரொம்பப் பொடி.