வெள்ளித் தண்ணீரின் நிறமும் தூய்மையும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் இரசாயனவியல் பயின்ற பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



எங்களுக்குத் தரப்பட்ட பத்து நிமிடத்தில் பழங்கதை பேசாமல் ஒரு போத்தலைப் பற்றிப் பேசப் போகிறோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தோழியர் சிலரின் வீடுகளில் அது இருக்கிறது. ஊருக்கு வரும்போது தாய்மாருக்கும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொலொயிட்டல் சில்வர் என்று பெயர். நாங்கள் வெள்ளித் தண்ணீர் என்போம். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை இறக்கி, ஒன்பது வோல்ற்று பற்றறி மூன்றைத் தொடுத்துச் சிலர் வீட்டிலேயே செய்கிறார்கள். சளிக்கும் புண்ணுக்கும் எல்லாவற்றுக்கும் நல்லதாம். இதிலே இரண்டு கட்சி. பொன்னிறம் வந்தால்தான் தூய்மை என்பது ஒன்று. நிறமே இல்லாவிட்டால்தான் தூய்மை என்பது மற்றது. இரண்டும் பிழை.

மின்னோட்டம் பாயும்போது அனோட்டுக் கம்பியிலிருந்து வெள்ளி அயனாகக் கரைந்து வருகிறது. வெள்ளி அயனுக்கு நிறமில்லை. அந்த அயன்களில் ஒரு பகுதி மறுபடி உலோகமாகி, கண்ணுக்குத் தெரியாத மணிகளாக நீரில் மிதக்கிறது. அதுதான் கூழ். 10 முதல் 20 நனோமீற்றர் அளவான உருண்டை மணிகள் ஊதா ஒளியை, ஏறக்குறைய 400 நனோமீற்றர் அலைநீளத்தில், விழுங்கிவிடுகின்றன. மிஞ்சி வரும் ஒளி எங்கள் கண்ணுக்கு மஞ்சள். மணிகள் பருத்தால் அல்லது ஒன்றோடொன்று ஒட்டினால் நிறம் செம்மஞ்சளாகிச் சாம்பலாகிறது. தட்டையான முக்கோண மணிகள் நீலமாகவே தெரியும். ஆக, நிறம் சொல்வது மணியின் பருமனையும் வடிவத்தையுந்தான். அதற்குள் வேறு என்ன கரைந்திருக்கிறது என்று அது சொல்லாது. நிறமில்லாத போத்தலில் இருப்பது பெரும்பாலும் அயன். வெறும் தண்ணீராகவும் இருக்கலாம்.

சிலர் பேனை போன்ற மீற்றரை விட்டுப் பார்த்து, "பத்து காட்டுது" என்கிறார்கள். அந்த மீற்றர் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. மிதக்கும் வெள்ளி மணி அதற்குத் தெரியாது. வெள்ளி அயனும் கறியுப்பும் அதற்கு ஒன்றுதான்.

உப்பு என்றதும் எங்கள் ஊருக்கு வருவோம். வெளி முழுக்க உப்பென்று பெயரிலேயே வைத்திருக்கிற ஊர் இது. ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்றை அளவியிலிருந்து துளி துளியாக விட்டதும், தயிர்போல வெள்ளை வீழ்படிவு வந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். விரலில் பட்ட கறுப்பு ஒரு கிழமைக்குப் போகாது. அந்த வெள்ளை, வெள்ளிக் குளோரைட்டு. கிணற்றுத் தண்ணீர் நாக்குக்கு உவர்க்க, லீற்றருக்கு 200, 300 மில்லிகிராம் குளோரைட்டு வேண்டும். ஆனால் லீற்றருக்கு 10 மில்லிகிராம் வெள்ளி அயன் உள்ள நீரில் வீழ்படிவு தொடங்க 0.1 மில்லிகிராம்கூடத் தேவையில்லை. கரைதிறன் பெருக்கத்தை வைத்து நீங்களே கணக்குப் பார்க்கலாம். உப்புவெளியில் நாங்கள் "நல்ல தண்ணீர்" என்று குடிக்கும் எந்தக் கிணற்றிலும் இதைவிடப் பல மடங்கு இருக்கும். கெதியாக நடக்கட்டும் என்று ஒரு சிட்டிகை உப்புப் போடுவோரும் உண்டு. அவர்கள் செய்வது வெள்ளிக் கூழே அல்ல. வடித்த நீரில் ஒழுங்காகச் செய்தாலும், விழுங்கிய கணமே இரைப்பையில் ஐதரோகுளோரிக் அமிலம் காத்திருக்கிறது. அயன் அங்கேயே குளோரைட்டாகிவிடும்.

இனி வயிற்றுக்கு உள்ளே போனபின் கதை. குடிநீரில் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருந்தால் வாழ்நாள் முழுக்கக் குடித்தாலும் பாதகமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளுக்கு இரண்டு லீற்றர் என்றால் 0.2 மில்லிகிராம். லீற்றருக்கு 10 மில்லிகிராம் உள்ள போத்தலில் நாளுக்கு 100 மில்லிலீற்றர் குடித்தால் 1 மில்லிகிராம், ஐந்து மடங்கு. மிஞ்சிய வெள்ளி தோலில் தங்குகிறது. வெயில் பட்டு, படச்சுருள் கறுத்தது போலக் கறுக்கிறது. அமெரிக்காவில் போல் காரசன் என்பவர் வீட்டில் செய்த வெள்ளித் தண்ணீரை ஆண்டுக்கணக்காகக் குடித்து, முகத்திலும் பூசி, நீலமாகிப்போனார். 2013இல் அவர் இறந்தது வேறு நோயால். நீலம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. இதற்கு மாற்று மருந்து கிடையாது. வெள்ளி சேர்ந்த குடிமருந்துகள் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று ஏற்க முடியாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இலேயே விதி செய்துவிட்டது.

எங்கள் வயதுக்காரருக்கு இதைவிடக் கிட்டிய ஆபத்து ஒன்று உண்டு. தைரொயிட்டுக் குளிசை எடுப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர்! வெள்ளி அந்தக் குளிசை உடலில் சேர்வதைக் குறைக்கலாம். சில அன்ரிபயோட்டிக் மருந்துகளுக்கும் அப்படித்தான். டொக்டரிடம் போகும்போது போத்தலைப் பற்றியும் சொல்லுங்கள். "அது மருந்தில்லை, தண்ணீர்தானே" என்று மறைக்க வேண்டாம்.

வெள்ளி கிருமியைக் கொல்லாது என்று நாங்கள் சொல்லவில்லை. 1981இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் ஒரு மண் வடிபானையை உருவாக்கினார். களிமண்ணோடு மரத்தூளோ உமியோ கலந்து சுட்டால், அது எரிந்த இடம் நுண்துளையாகும். அந்தப் பானைக்கு வெள்ளிக் கூழ் பூசுவார்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் இலங்கையில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட வடிபானைகளைக் கொடுத்தது. அங்கே வெள்ளி பானையில் நிற்கிறது; வடிந்த தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். வெள்ளிக்கு அதுதான் சரியான இடம் என்பது எங்கள் எண்ணம்.

போத்தல் வைத்திருப்போர் வீட்டுக்குப் போய் ஒன்று செய்து பாருங்கள். எறியக்கூடிய கண்ணாடிக் குவளை ஒன்றில் கொஞ்சம் ஊற்றி, இருட்டில் பக்கவாட்டாக ரோச் அடியுங்கள். ஒளிக்கற்றை பாதைபோலத் தெரிந்தால் மணிகள் உண்டு. பிறகு சிறிது கறியுப்புக் கரைசல் விடுங்கள். பால்போல் வெண்மை படர்ந்தால் அது அயன். மஞ்சள் மங்கிச் சாம்பலானால் மணிகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றுமே நடக்காவிட்டால் நீங்கள் காசு கொடுத்தது அநேகமாகத் தண்ணீருக்கு. குவளையை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.