உலாவி ஒன்றே போதுமா?

2023 அக்டோபர் 2 அன்று, சென்னைக்கு அருகே இருக்கும் ஃபிளெக்ஸ் தொழிற்சாலையில், எச்பி நிறுவனமும் கூகுளும் சேர்ந்து குரோம்புக் மடிக்கணினிகளைத் தயாரிக்கத் தொடங்கின. அந்தக் கணினியை இயக்கும் குரோம் ஓஎஸ்ஸை 2009 ஜூலையில் அறிவித்த இருவரில் ஒருவர் சுந்தர் பிச்சை, அசோக் நகரில் வளர்ந்தவர். இத்தனை உறவு இருந்தும், தியாகராய நகரிலோ ரிச்சி தெருவிலோ ஒரு கடையில் நின்று குரோம்புக் கேட்டால், "அதுல டேலி ஓடாது சார், வேற பாருங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்றைய உரை.

முதலில், அது என்ன கணினி? வழக்கமான மடிக்கணினியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மென்பொருளை ஏற்றிக்கொள்வோம். கடிதத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. குரோம்புக்கில் அடிப்படையாக இருப்பது உலாவி. கடிதம், கணக்கு, அஞ்சல், படம் எல்லாம் அதற்குள்ளேயே திறக்கும். எழுதியவை பெரும்பாலும் இணையத்தின் மறுமுனையில் உள்ள சேமிப்பகத்தில் இருக்கும். உள்ளே சுமை குறைவு என்பதால் விலையுயர்ந்த உறுப்புகள் வேண்டாம். 2021-இல் இங்கே விற்பனைக்கு வந்த எச்பி குரோம்புக் 11ஏ-யின் எடை 1 கிலோவுக்குச் சற்று மேல். நினைவகம் 4 ஜிபி, சேமிப்பிடம் 64 ஜிபி. அறிமுக விலை 21,999 ரூபாய். பொத்தானை அழுத்திச் சில விநாடிகளில் திரை தயாராகிவிடும். 12பி பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் மடியில் வைத்து எழுதலாம், தொடை சுடாது.

இந்த உரையை வழங்குபவருக்கு மயிலாப்பூரில்தான் வேலை. தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்வது, மெய்ப்புப் பார்ப்பது, அச்சுக்கு அனுப்புவது. ஆகவே அவர் ஒரு குரோம்புக்கைக் கையில் எடுத்ததும் முதலில் பார்த்தது விலையும் அல்ல, எடையும் அல்ல. அமைப்புகளுக்குள் போய், உள்ளீட்டு முறைகள் என்ற பட்டியலைத் திறந்து, தமிழுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். தமிழ் 99 இருந்தது. தட்டச்சுப்பொறி விசைப்பலகை இருந்தது. இன்ஸ்கிரிப்ட் இருந்தது. ஒலிபெயர்ப்பு முறையும் இருந்தது. எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை, எந்தக் கடைக்காரரையும் கூப்பிட வேண்டியதில்லை. நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள்.

தமிழ் 99 விசைப்பலகை நம் ஊரில் பிறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு அதைத் தரப்படுத்தியது. அதன் அமைப்பில் தமிழ் இலக்கணமே உட்கார்ந்திருக்கிறது. உயிரெழுத்துகள் இடது கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. ஆங்கில எழுத்தே தெரியாதவரும் இதைக் கற்கலாம்.

இன்னும் அழகு அதன் புள்ளி விதியில் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால், முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும். ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம், நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே. பந்து என்று எழுத ப, ந, த, உ. நடுவில் உள்ள ந் தன் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வருவது தமிழின் பழக்கம். அந்தப் பழக்கத்தை விசைப்பலகைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாவலைத் தட்டச்சு செய்து முடிக்கும்போது இந்தச் சின்ன விதி மிச்சப்படுத்தும் விரல் உழைப்பை, அந்த வேலையைச் செய்தவர்கள் அறிவார்கள். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்தை நினைத்துக்கொண்டே தமிழ் எழுதுபவர்கள், ஒரே ஒரு மாதம் தமிழ் 99-ஐப் பழகிப் பாருங்கள். கை திரும்பிப் போகாது.

தட்டச்சுப்பொறி முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையின் தட்டச்சுப் பயிலகங்களில் படித்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இளநிலை, முதுநிலைத் தேர்வு எழுதித் தேறியவர்கள் எத்தனையோ பேர் இன்றும் இருக்கிறார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் வசிக்கும், அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், தன் குடும்பத்துப் பழைய கடிதங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உரையாளரிடம் வந்தார். கணினி என்றால் அவருக்குக் கூச்சம். குரோம்புக்கில் தட்டச்சுப்பொறி விசைப்பலகையைத் தேர்ந்து கொடுத்ததும் விரல்கள் தயங்கித் தயங்கி இடம் தேடின. பிறகு ஓட ஆரம்பித்தன. கண் திரையில் இல்லை, பக்கத்தில் விரித்து வைத்திருந்த கடிதத்தில். அவருக்கு இந்தக் கணினியில் வேறு எந்த வசதியும் தேவைப்படவில்லை.

எழுதச் சோம்பலாக இருப்பவர்களுக்கு வாயால் சொல்லி எழுதும் வழியும் உண்டு. 2017-இல் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. இப்படி வானொலியில் பேசுவது போல நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதும். ஆனால் றகரமும் ரகரமும், ணகரமும் னகரமும் பேச்சில் ஒன்றாகிவிடுவதால், மெய்ப்புப் பார்க்கும் வேலை போய்விடாது. உரையாளருக்கு அதில் மகிழ்ச்சியே.

இனி, கடைக்காரர் சொன்ன அந்தப் பாதிக்கு வருவோம்.

டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்ட கணக்கு மென்பொருள். அதை அப்படியே குரோம்புக்கில் நிறுவ முடியாது. வேறொரு கணினியில் ஓடுவதைத் தொலைவிலிருந்து திறந்து பார்க்கலாம், அவ்வளவே. உஸ்மான் சாலையில் தணிக்கையாளர் அலுவலகம் நடத்துபவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நிறுவனங்கள் ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்ய மின்கையொப்பம் கட்டாயம். அந்தக் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி டோக்கனோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை எதிர்பார்க்கும். தனியாளாக ஜவுளியோ பாத்திரமோ விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கைப்பேசிக்கு வரும் ஓடிபியை வைத்தே தாக்கல் செய்துவிடலாம். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு கதவுகள். ஒருவருக்கு இந்தக் கணினி போதும், மற்றவருக்குப் போதாது.

அச்சுத் தொழிலில் தடை இன்னும் பெரிது. இன்றும் பல டிடிபி கூடங்களில் பேஜ்மேக்கர் ஓடுகிறது. பாமினி, டேப், டேம் என்று யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்களில் பல ஆண்டு உழைப்பு கிடக்கிறது. கோயில் வரலாறு எழுதும் பெரியவர் ஒருவர் லஸ் பக்கத்திலிருந்து ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தார். உள்ளே அவருடைய பழைய கட்டுரைகள். குரோம்புக்கில் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. அம்மா என்று இருக்க வேண்டிய இடத்தில் சில ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும். எழுதியதெல்லாம் அழிந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். அழியவில்லை. அவர் எழுதியது பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத கணினி வேறென்ன காட்டும்? சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் போட்டு எடுத்ததும் கட்டுரைகள் முழுசாகத் திரும்பின.

அந்தக் கருவி ஓடுவதும் விண்டோஸில்தான். ஆகவே, பழைய கணினியைத் தூக்கிப்போடும் முன்பே கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய குறியாக்கத்திலேயே எழுதிக்கொண்டிருப்பவர்கள், கணினி மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், அந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இணையத்தை நம்பியிருக்கும் கணினி என்ற எண்ணம் நம் நகரத்துக்குப் புதிதல்ல. குரோம்புக் வருவதற்கு முன்பே, 2000-களின் நடுவில், நோவேட்டியம் என்ற சென்னை நிறுவனம் நெட்பிசி என்ற எளிய கருவியைச் செய்தது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின் ஆகியோர் அதன் பின்னால் இருந்தார்கள். வீட்டில் இருப்பது ஒரு சின்னப் பெட்டி; மென்பொருளெல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில். அன்றைய பிராட்பேண்ட் இன்றைய அளவுக்கு வேகமானதல்ல, எல்லா வீட்டிலும் இருந்ததும் அல்ல. அவர்கள் யோசித்தது சரியாகத்தான் இருந்தது. கம்பி வந்து சேரத்தான் தாமதம்.

இப்போது கம்பி வந்துவிட்டது. 2002-இல் சிங்கப்பூரிலிருந்து ஐ2ஐ என்ற கடலடிக் கேபிள் சென்னையில் கரையேறியது. 2005-இல் சீமீவி 4, 2020 ஆகஸ்டில் இங்கிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் என்று வரிசை நீள்கிறது. ஆனால் மழையை மறக்க முடியுமா? 2016-இல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம். மின்சாரமும் கைப்பேசிச் சிக்னலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட நாளில் இந்தக் கணினி என்ன செய்யும்?

முன்னேற்பாடு இருந்தால் எழுதும். கூகுள் டாக்ஸில் ஆஃப்லைன் என்ற வசதியை இணையம் இருக்கும்போதே இயக்கி வைத்திருந்தால், இணைப்பு அறுந்த பிறகும் கோப்பைத் திறந்து எழுதலாம். இணைப்பு வந்ததும் எல்லாம் மேலே போய்ச் சேர்ந்துகொள்ளும். இயக்கி வைக்காவிட்டால் உங்கள் கோப்பு உங்களுக்கே எட்டாது. இதை இன்று மாலையே செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு செய்திகளை வேகமாகச் சொல்லிவிடுவோம், நேரம் நெருங்குகிறது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் அஞ்சல், புகைப்படம், கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். பேரன் பேத்தி வீடியோக்களே அதை நிரப்பிவிடும். அடுத்து, குரோம்புக்குக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்றைக்கு நிற்கும் என்ற தேதி ஒவ்வொரு மாடலுக்கும் உண்டு. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு என்று 2023-இல் கூகுள் அறிவித்தது. அதற்கு முந்தையவற்றுக்கு அது தானாகக் கிடைக்காது. 2015-இல் 12,999 ரூபாய்க்கு வந்த சோலோ குரோம்புக்கை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், வாங்காதீர்கள். பழைய பொருள் வாங்கும்போது மாடல் பெயரைக் கேட்டு, அந்தத் தேதியைப் பார்த்த பிறகே பணம் எடுங்கள்.

வாங்காமலே பழகிப் பார்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. இப்போது வைத்திருக்கும் கணினியிலேயே ஒரு வாரம் குரோம் உலாவியைத் தவிர வேறெதையும் திறக்காமல் வேலை செய்யுங்கள். எந்த வேலைக்கு வெளியே வர வேண்டியிருந்தது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். அந்தத் தாள் எந்தக் கடைக்காரரையும்விடத் தெளிவாகப் பதில் சொல்லும். இன்னும் ஒரு படி போக விரும்பினால், 2022-இல் வெளிவந்த குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இருக்கிறது. விலை இல்லை. ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழைய மடிக்கணினியை இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. கணினியில் 4 ஜிபி நினைவகம் வேண்டும். குரோம்புக்கில் ஓடும் ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் ஓடாது.

படிப்பதற்கு என்ன இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உலாவியிலேயே திறக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் அப்படித்தான். இரண்டும் இலவசம்.

கணினிக் கடைகள் காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு மடிக்கணினியிலும் ஒரு தமிழ் விசைப்பலகையை இயக்கி வைத்திருக்க வேண்டும் என்பது உரையாளரின் நெடுநாள் விருப்பம். வாங்க வருபவர் தன் பெயரைத் தமிழில் தட்டிப் பார்த்துவிட்டு விலை கேட்கட்டும். அடுத்த முறை நீங்கள் கடைக்குப் போகும்போது, "இதுல தமிழ் 99 போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பலர் கேட்டால் அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.