துருவுக்கு மேல பட்டி போடாதீங்க

இந்த எபிசோடை ஆய்க்குடியில எங்க வீட்டு முற்றத்துல உட்கார்ந்து பேசுறேன். பின்னாடி சொட்டுற சத்தம் கேட்டா அது சாரல்தான், ரெக்கார்டிங் கோளாறு இல்ல.

எதிர்ல நிக்கிறது அப்பாவோட மாருதி 800. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அவரால கிளட்ச் மிதிக்க முடியல. நான் இருக்கிறது சென்னையில. போன வருஷம், இதை இரும்பு விலைக்குக் கொடுத்துடலாம்னு நான்தான் சொன்னேன். அப்பா ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில பார்த்தா, ஓடாத காரை ஈரத்துணி வச்சுத் துடைச்சிட்டு இருக்கார். சரி, பெயிண்டாவது அடிச்சுக் கொடுப்போம்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன்.

மூணே நாள்ல பளபளன்னு வந்துச்சு. ஆறு மாசத்துல வீல் ஆர்ச் ஓரமெல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். நகத்தால கீறினா பட்டி பொலபொலன்னு உதிருது, அடியில ஈரத் துரு. துருவை எடுக்காம அது மேலயே பட்டி பூசியிருக்காங்க. பட்டி ஈரத்தை இழுக்கும். துருவோ, தான் தின்ன இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேட்கும். இடம் இல்லன்னா பெயிண்டைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும்.

இந்தத் தடவை, டிங்கரிங் வேலை பார்த்துப் பழகின ஒரு அண்ணாச்சிகிட்ட கேட்டேன். அவர் பெயிண்டைப் பத்திப் பேசவே இல்ல. ஸ்க்ரூடிரைவரை கையில கொடுத்து, "தம்பி, மொதல்ல குத்திப் பாரும். இறங்கிச்சுன்னா பெயிண்ட்டுக்கு வேலயே இல்ல"ன்னார். வீல் ஆர்ச் ரெண்டும் தாங்கிடுச்சு. கதவுக்குக் கீழ ஒரு இடத்துல பொத்துன்னு இறங்கிடுச்சு. அங்க தேய்ச்சுப் பிரயோஜனம் இல்ல. வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வச்சு வெல்டிங்தான்.

மேலாக இருக்கிற துருவுக்குத்தான் உப்புத்தாள். சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காய வச்சு, சுத்தி டேப் ஒட்டிக்கங்க. முதல்ல 80 நம்பர், இரும்பு வெள்ளையா மின்னுற வரைக்கும். துரு கண்ணுக்குத் தெரியிற இடத்தோட நிறுத்தாதீங்க, பெயிண்டுக்கு அடியில அது இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். அப்புறம் 180, 320. பழைய பெயிண்டோட விளிம்பு விரலுக்குத் தட்டக் கூடாது. மாஸ்க்கும் கண்ணாடியும் கண்டிப்பா போடுங்க.

சின்னச் சின்னக் குழியில துரு போகவே போகாது. அதுக்குத்தான் ரஸ்ட் கன்வர்ட்டர். சிலதுல டானிக் அமிலம் இருக்கும், தடவினா துரு கறுத்துடும். கடுக்காயில இருக்கிறதும் இந்த வகையறாதான். கலம்காரித் துணியில கறுப்புக் கோடு வர்றதே, கடுக்காயில ஊறின துணி மேல இரும்புக் கரைசல் படுறதாலதான். இன்னும் சிலது பாஸ்பாரிக் அமிலம். அதைப் போட்டா டப்பாவுல சொன்னபடி கழுவித் துடைச்சிடணும், எச்சம் இருந்தா அது மேல எப்பாக்ஸி பிரைமர் பிடிக்காது.

நான் சறுக்கினது இதுல எதுலயும் இல்ல. சாயங்காலம் நாலு மணிக்குத் தேய்ச்சு முடிச்சேன். கை வலி. பிரைமரை நாளைக்கு அடிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். சீசன் நேரம். ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற தென்மேற்குக் காத்து ராத்திரியெல்லாம் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டிச்சு. காலையில வெள்ளை இரும்பு மேல மஞ்சள் தூள் பூசின மாதிரி துரு. மழை நேரா படணும்னுகூட இல்ல, காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெத்து இரும்புக்கு ஆபத்து. அப்பா திண்ணையில இருந்து பார்த்தார். "திரும்பத் தேய்க்கணுமோ?"ன்னு மட்டும் கேட்டார்.

திரும்பத் தேய்ச்சேன். இந்தத் தடவை வெயில் வந்த நாள் பார்த்து, மதியத்துக்குள்ள தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, அன்னைக்கே எப்பாக்ஸி பிரைமர். இப்போ கார் சாம்பல் திட்டோட நிக்குது. பட்டி தேவைப்படுற பள்ளத்துல இனிமேதான், பிரைமர் மேலதான்.

கலர் செப்டம்பர்ல, சாரல் அடங்கினதும். அதுக்குள்ள பிரைமர் இறுகிடும், அதனால 400 நம்பர் தாள்ல ஒரு தடவை தேய்ச்சுட்டுத்தான் அடிக்கணும். சிவப்பு அடிக்கலாமான்னு கேட்டேன். பழைய வெள்ளையே இருக்கட்டும்ங்கிறார் அப்பா.