சிமென்ட் வரி குறைஞ்சது, நம்ம கைக்கு எவ்வளவு வரும்?

2025 செப்டம்பர் 22-ல இருந்து சிமென்ட் மேல ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. "அப்போ வீடு கட்டுற செலவு பத்து சதவீதம் குறையுமா?"ன்னு கேட்குறவங்களுக்காக இந்த எபிசோட்.

வரி சேர்க்காம ஒரு மூட்டை 300 ரூபாய்னு வச்சுக்குவோம். முன்னாடி பில் 384, இப்போ 354. மிச்சம் 30 ரூபாய், அதாவது எட்டு சதவீதம்கூட இல்லை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குத் தோராயமா 400 மூட்டை போகும். ஆக மொத்தம் 12,000 ரூபாய். கம்பி, டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் அதே 18 தான். கொத்தனார் கூலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இருபது, இருபத்தஞ்சு லட்சம் பட்ஜெட்ல இந்தப் பன்னிரண்டாயிரம் கிரகப்பிரவேச சாப்பாட்டுக்கே பத்தாது!

ஃபிளாட் வாங்குறவங்க கதை வேற. கட்டிட்டு இருக்குற ஃபிளாட்டுக்கு 2019 ஏப்ரல்ல இருந்து நீங்க கட்டுறது 5 சதவீதம், மலிவு விலை வீடுன்னா 1. ஆனா பில்டர் சிமென்ட்டுக்குக் கட்டின வரியை இதுல கழிச்சுக்க முடியாது, அது அவரோட செலவு. அதனால வரி குறைஞ்சா மிச்சமும் முதல்ல அவருக்குத்தான். சதுர அடி ரேட்டை அக்ரிமென்ட்ல ஏற்கனவே முடிவு பண்ணியாச்சுன்னா, அது உங்ககிட்ட வர்ற வாய்ப்பு கம்மி. வரி குறைஞ்சும் விலையைக் குறைக்கலைன்னு ஜிஎஸ்டி சட்டத்துல புகார் பண்ண ஒரு வழி இருந்துச்சு. 2025 ஏப்ரல் 1-ல இருந்து அதுல புதுப் புகார் எடுக்குறதில்லை.

இன்னும் கையெழுத்துப் போடலையா? பில்டரோ, பொருளோட சேர்த்து வேலை எடுக்குற கான்ட்ராக்டரோ, அவர் கொடுத்த எஸ்டிமேட்ல சிமென்ட் எந்த வரியில போட்டிருக்குன்னு கேளுங்க. 28-ன்னு இருந்தா, பேரத்தை அங்கேயே ஆரம்பிங்க.