சீட்டு மேஜையில், சாவி யார் கையில்?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

ஆபத்தான வேலைக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுக்கும் முறையைப் பற்றி இன்று பேசுகிறோம். ஆலைகளில் இதைப் ‘பெர்மிட்’ என்பார்கள். கூலி, பஞ்சப்படி, போனஸ் பற்றிப் பேசாமல் ஒரு துண்டுச் சீட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். வேலைக்குப் போனவன் உயிரோடு வீடு திரும்பினால்தானே கூலியும் போனஸும்? ஆகவே இதுவும் நமது வயிற்றுப் பிரச்சினைதான்.

சீட்டு என்றால் என்ன?

அன்றாட வேலைக்குச் சீட்டு தேவையில்லை. ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுவதற்கு யாரும் சீட்டு கேட்பதில்லை. ஆனால், ப்ளோரூமில் பஞ்சு அடைத்துக்கொண்ட இயந்திரத்தைத் திறந்து கை விடுவது, பஞ்சுத் தூசு படிந்த இடத்தில் வெல்டிங் செய்வது, தொட்டிக்குள் இறங்குவது, மின்சாரக் கம்பியில் வேலை செய்வது, கூரைமேல் ஏறுவது ஆகியவை அன்றாட வேலைகள் அல்ல. இவற்றைத் தொடங்குமுன் சில கேள்விகளுக்குப் பதில் எழுதப்பட வேண்டும். என்ன வேலை? எந்த இடம்? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? என்ன ஆபத்து? அதைத் தடுக்க என்ன செய்யப்பட்டது? நேரில் போய்ப் பார்த்தது யார்? இத்தனைக்கும் பதில் எழுதிக் கையெழுத்திட்டால்தான் அது பெர்மிட். குறித்த நேரம் முடிந்தால் சீட்டும் முடிந்தது.

வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். பொறி பஞ்சில் விழுந்தால் உடனே தீ எழும்ப வேண்டும் என்பதில்லை. பஞ்சுக்குள்ளே கனன்று, எல்லோரும் போன பிறகு பற்றி எரியும். ஆகவே, பஞ்சையும் தூசியையும் அகற்று, தண்ணீரும் மணலும் தயாராக வை என்று சீட்டு சொல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி, இயன்றால் ஒரு மணி நேரம் ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அந்தக் காவலுக்கும் கூலி உண்டு.

இயந்திரத்துக்குள் கை விடும் வேலையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மறுமுனையில் இருப்பவன் விவரம் தெரியாமல் போட்டுவிடுவான். மெயின் சுவிட்சைப் பூட்ட வேண்டும். உள்ளே கை விடுகிறவனின் பூட்டாக அது இருக்க வேண்டும். சாவி அவன் மடியில் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு.

சட்டம் தந்த கயிறு

இது நாம் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் ஆகியவற்றில் ஆள் இறங்குவதை 36-வது பிரிவில் தடுத்தது. தகுதியுள்ளவர் சோதித்துப் பார்த்து, ஆபத்து இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது இறங்குபவர் மூச்சுக் கருவியும் இடுப்புவாரும் அணிந்து, வாரில் கட்டிய கயிற்றின் மறுநுனியை வெளியே ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும். போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1987-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில்களில் பாதுகாப்புக் குழுவும், ஆபத்தை எச்சரிக்கும் உரிமையும் அப்போதுதான் வந்தன. எத்தனை பிணங்களுக்குப் பிறகு!

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன் 14-வது பிரிவு ஓர் உரிமையைச் சொல்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், தொழிலாளி அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒருசேரத் தெரிவிக்கலாம். இதை ஒவ்வொரு தோழரும் நினைவில் வைக்க வேண்டும்.

காகிதம் மட்டும் காப்பாற்றாது

ஸ்காட்லாந்துக்கு அருகே வடகடலில் ‘பைப்பர் ஆல்பா’ என்ற எண்ணெய் மேடை இருந்தது. அங்கே பெர்மிட் முறை இருந்தது. அச்சடித்த படிவங்களும் இருந்தன. 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. குழாயின் வாயைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடினார்கள். இரவு ஷிப்டு வந்தது. வால்வு இல்லை என்ற செய்தி கைமாறவில்லை. இன்னொரு பம்பு நின்றுபோனபோது, வால்வு கழற்றிய சீட்டு இவர்கள் கண்ணில் படவில்லை. இந்தப் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டனர்.

மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில் உழைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா? சங்கு ஊதியதும் அவசரமாகப் புறப்படுகிறோம். அடுத்த ஷிப்டுக்காரரிடம் “இது திறந்து கிடக்கிறது, ஓட்டாதே” என்று சொல்லாமல் போனால் சீட்டு வெறும் காகிதம்தான். சீட்டு மானேஜர் மேஜைக்குள் தூங்கக் கூடாது. வேலை நடக்கும் இயந்திரத்தின் மேலேயே தொங்க வேண்டும்.

நமது மாவட்டத்திலேயே பாருங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35-க்கும் மேற்பட்டோர் கருகினர். அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அதிகாரிகளே அப்போது கூறினர். ‘நிறுத்து’ என்று காகிதம் சொன்னது; வேலை நிற்கவில்லை. ஆகவே, நிறுத்தும் பலம் வேலை செய்கிறவன் கையிலும் இருந்தாக வேண்டும்.

கிணற்றுக்கும் சீட்டு உண்டு

கிராமத்துத் தோழர்களே! இது ஆலைக்காரர் விவகாரம் என்று இருந்துவிடாதீர்கள். தூர் வாரக் கிணற்றில் இறங்குகிறோம். உள்ளே எண்ணெய் என்ஜினை வைத்து ஓட்டினால் அதன் புகையிலே நிறமும் மணமும் இல்லாத விஷவாயு உண்டு. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் நமக்குத் தெரியும். விளக்கு அணைந்தால் இறங்காதே என்பது சரி; அணையாவிட்டால் இறங்கலாம் என்பது தவறு. என்ஜின் புகையின் விஷத்தை விளக்கு காட்டாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும்.

ஒருவர் மயங்கி விழுந்தால் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்துக் குதித்து, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பாடைகள் கட்டும் கொடுமையை நாம் அறிவோம். கயிறு கட்டி இறங்கியிருந்தால் மேலிருந்தே இழுத்திருக்கலாம். தொழிற்சாலைச் சட்டம் நமது கிணற்றுக்கு வராது. ஆனால் கயிறு வரும். கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதோ, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எந்தப் பண்ணையார் வாய்ச்சொல்லும் அதை அனுமதியாக்காது.

நாம் கேட்க வேண்டியவை

சீட்டு தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி விளக்க வேண்டும். இன்று நம்மோடு உழைக்கும் வடமாநிலத் தோழர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அதே சீட்டு, அதே பூட்டு, அதே கயிறு. கையெழுத்திடும் அதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சங்கப் பிரதிநிதிக்கு ஒரு நகல் வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். விபத்து நடந்த பிறகு “இவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான் பார்” என்று நம் தலையில் பழியைச் சுமத்தவும் இதே சீட்டு உதவும். ஆகவே, பார்க்காத இடத்துக்கும் புரியாத வாசகத்துக்கும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ஒருவன் மட்டும் மறுத்தால் அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். பகுதி முழுவதும் சேர்ந்து மறுத்தால் பூட்டும் கயிறும் தானே வந்து சேரும்.

நாளை காலை ஷிப்டிலிருந்தே தொடங்குவோம். பூட்டு எங்கே, கயிறு எங்கே, மேலே நிற்கும் ஆள் எங்கே என்று கேட்போம். பதில் கிடைத்த பிறகு வேலையில் இறங்குவோம்!