'பரையா' என்றொரு ஆங்கிலச் சொல்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பத்தித்தான் பேசப் போறேன். போன மாசம் என் அக்கா மகள் போன் பண்ணினாள். வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வு எழுதப் போகிறாள். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் பண்ண வேண்டும். "மாமா, 'பரையா'ன்னு ஒரு வார்த்தை வருது. சமூகம் ஒதுக்கி வச்ச ஆள்னு அர்த்தம் போட்டிருக்கு. மத்த வார்த்தைக்கெல்லாம் ஞாபகம் வச்சுக்க ஏதாவது குறிப்பு எழுதி வைப்பேன். இதுக்குக் குறிப்பே தேவைப்படல மாமா" என்றாள். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசல.

எனக்கு என் கல்லூரி முதலாண்டு ஞாபகம் வந்தது. ஆங்கில வகுப்பு. ஆசிரியர் இதே சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். அர்த்தம் சொன்னார். பின் பெஞ்சில் சிரிப்பு. யார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், யார் பார்க்காத மாதிரி இருந்தார்கள் என்பதெல்லாம் இன்னும் மறக்கவில்லை. ஆசிரியர் கெட்டவர் இல்லை. சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மாதிரி இதுவும் தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல். பெருமைப்படுங்க." கட்டுமரம் கடலில் போயிற்று, சுருட்டு வெள்ளைக்காரன் வாயில் போயிற்று. எங்கள் பெயர் எப்படிப் போயிற்று? அன்றைக்கு இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன்.

முதலில் சொல்லின் பழைய வாழ்க்கையைப் பார்த்துவிடுவோம். மாங்குடி கிழார் பாடிய புறநானூறு 335ஆம் பாட்டு நான்கு குடிகளைச் சொல்கிறது. அதில் பறையன் ஒரு குடி. அங்கே இழிவு இல்லை. பதினோராம் நூற்றாண்டுக்கு வாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் காலத்து ஊர்களைக் கணக்கெடுக்கும்போது 'பறைச்சேரி' என்று தனியாகவும் 'தீண்டாச்சேரி' என்று தனியாகவும் வருகிறது. ரெண்டும் ஒன்றென்றால் ரெண்டு பெயர் எதற்கு? ஆக, பெயரோடு தீண்டாமை ஒட்டிப் பிறக்கவில்லை. பின்னால் ஒட்டவைத்தார்கள்.

ஐரோப்பியர்கள் வந்து பார்த்தபோது ஒட்டவைத்த வேலை நடந்து முடிந்திருந்தது. போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா 1516 வாக்கில் எழுதிய குறிப்புகளிலேயே நம் பெயர் வருகிறது. பிறகு ஆங்கிலத்துக்குப் போகிறது. ஒரு குறிப்பிட்ட சாதியின் பெயரை எடுத்து, 'சாதியை விட்டுத் துரத்தப்பட்டவர்கள்' என்று மொத்தமாக அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். இது தப்பு என்று அவர்களிலேயே சிலர் சொன்னார்கள். கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில், பறையர்கள் எந்தச் சாதியிலிருந்தும் தள்ளப்பட்டவர்கள் அல்ல, தமக்கென்று தனி வரலாறு உள்ள தொன்மையான சாதியினர் என்று வாதாடினார். அவர் இறந்த பிறகு 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி விடுபட்டுப் போனது. தமிழின் தொன்மைக்குச் சான்று காட்டிய கால்டுவெல்லை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நம் தொன்மையைச் சொன்ன கால்டுவெல் காணாமல் போனார்.

ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்கு ஒரு காதல் காலமும் உண்டு. 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் து சேன்ட்-பியேர் ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கில அறிஞருக்குப் பிராமணப் பண்டிதர்களிடம் கிடைக்காத உண்மை ஒரு 'பரியா'வின் குடிசையில் கிடைக்கிறது. கதை பிரபலமாயிற்று. நாடகங்கள் வந்தன, 1829இல் தொனிசெத்தியின் இசை நாடகம் வந்தது. ஜெர்மனியில் கதே, நம் மாரியம்மன் கதையை, தலை மாறிய ரேணுகையின் கதையை, ஒரு பயண நூலில் படித்துவிட்டு 'பரியா' என்ற தலைப்பில் கவிதை எழுதினார். தங்கள் ஊர்ப் பிரபுக்களையும் பாதிரிகளையும் திட்டுவதற்கு அவர்களுக்கு நம் பெயர் உதவியது. நல்லதுதான். ஆனால் அந்தக் குடிசையில் நிஜமாகவே இருந்தவனுக்கு ஒரு குழி நிலம் கிடைத்ததா? இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதி, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசாணை வருவதற்கு, அந்தக் கதை வந்து நூறு வருஷம் ஆயிற்று.

இன்னொரு பக்கம் பாருங்கள். தெரு நாய்க்கு 'பரையா நாய்' என்று பெயர் வைத்தார்கள். ஊர் மேல் வட்டமிடும் பருந்துக்கு 'பரையா பருந்து' என்று பறவை நூல்களில் எழுதினார்கள். யாருக்கும் சொந்தமில்லாதது, எச்சில் பொறுக்குவது எதுவோ அதற்கெல்லாம் நம் பெயர்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது? ஊழலில் மாட்டிய அரசியல்வாதி கட்சிக்குள் 'பரையா' ஆனார். மோசடி செய்த வியாபாரி சந்தையில் 'பரையா' ஆனார். அதாவது, தப்புப் பண்ணினான், அதனால் ஒதுக்கினார்கள். பிறப்பால் ஒதுக்கப்பட்டவனைக் குறித்த சொல், செய்த குற்றத்துக்காக ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கிற சொல்லாக மாறிவிட்டது. வசவைவிட இது மோசம். வசவு என்றால் பதிலுக்குத் திட்டலாம். இதில், ஒதுக்கப்பட்டவன் என்றாலே அவன் என்னமோ பண்ணியிருப்பான் என்ற தீர்ப்பு சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இதன் உச்சம் தென்னாப்பிரிக்கா. கறுப்பு மக்களுக்குத் தனிச் சேரி, தனிப் பள்ளிக்கூடம், தனி பஸ், தனி பெஞ்ச் என்று வைத்திருந்த நிறவெறி அரசு. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. 1974இல் ஐ.நா. பொதுச்சபையில் உட்கார முடியாமல் போனது. 1977இல் ஆயுதத் தடை வந்தது. அந்த அரசுக்கு உலகப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'பரையா அரசு'. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. தீண்டாமையைச் சட்டமாகவே போட்டு நடத்தியவனுக்குத் தீண்டாமைக்கு ஆளானவனின் பெயர்! அந்த அரசை ஒதுக்கியது சரி. அதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் வைத்த பெயர் யாருடையது? சேரியில் இருந்தவனுடையது. சேரியைப் பிரித்து வைத்தவனின் பெயர் அங்கேயும் வெளியே வரவில்லை.

2019 நவம்பரில், ஜமால் கஷோகி கொலையை முன்வைத்து, சவூதி அரேபியாவை 'பரையா' ஆக்குவோம் என்று ஜோ பைடன் தேர்தல் விவாதத்தில் பேசினார். 2022 ஜூலையில் அதிபராக அவரே ஜெட்டாவுக்குப் போய் இளவரசரைச் சந்தித்தார். எண்ணெய் இருந்தால் மூணே வருஷத்தில் 'பரையா' பட்டம் கழன்றுவிடும். நமக்கு எத்தனை தலைமுறை?

இலக்கணமாகவே இதைப் பாருங்கள். அம்பேத்கர் 1927இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'பகிஷ்க்ருத் பாரத்' என்று பெயர் வைத்தார். பகிஷ்க்ருத் என்றால் வெளியே தள்ளப்பட்ட. 'தலித்' என்றால் நொறுக்கப்பட்ட. ரெண்டுமே செயப்பாட்டு வினையிலிருந்து வந்தவை. தள்ளப்பட்ட என்றவுடனே, தள்ளினது யார் என்று கேள்வி வந்து நிற்கும். நொறுக்கப்பட்ட என்றால் நொறுக்கினவன் ஒருத்தன் இருக்கிறான். சொல்லுக்குள்ளேயே குற்றவாளியைத் தேடுகிற வழி இருக்கிறது. 'பரையா'வில் அது இல்லை. அது வெறும் பெயர்ச்சொல். நடந்த வன்முறை எதுவும் வெளியே தெரியாது. ஒதுக்கியவன் காணாமல் போய்விடுகிறான். ஒதுக்கப்பட்டவன் மட்டும் நிற்கிறான், தானே இழிவானவன் மாதிரி.

நம் முன்னோர்கள் இந்தச் சிக்கலைத் தெரியாதவர்கள் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் இந்தப் பெயரையே மறுத்தார். பூர்வ பௌத்தர்கள் மேல் எதிரிகள் சுமத்திய பெயர் இது என்றார். அவருடைய மைத்துனர் ரெட்டைமலை சீனிவாசன் நேர் எதிரான வழியில் போனார். 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். ஒளிந்துகொண்டிருக்கும்வரை உரிமை கேட்க முடியாது, பெயரைச் சொல்லிக்கொண்டு முன்னால் வா என்பது அவர் நிலைப்பாடு. ஒரே குடும்பத்துக்குள் ரெண்டு வழி. பிறகு 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' வந்தது. யார் சரி என்று இன்றைக்கும் நம் கூட்டங்களில் சண்டை போடுகிறோம். எனக்குப் படுவது என்னவென்றால், மூன்று பேருமே ஒரு விஷயத்தில் ஒன்றுதான். எங்கள் பெயருக்கு அர்த்தம் சொல்லும் அதிகாரம் உனக்கு இல்லை என்றார்கள்.

இதே காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பெர்னார்ட் லசார் என்ற பிரெஞ்சு யூதர், யூதர்கள் தங்களைத் தன்னுணர்வுள்ள 'பரியா' என்று அறிந்து போராட வேண்டும் என்ற கருத்தை வைத்தார். 1944இல் ஹன்னா ஆரண்ட் அதை எடுத்து விரிவாக எழுதினார். இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். படிக்கட்டும், நாமும் படிக்க வேண்டியதுதான். ஆனால் சென்னையில் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனே பத்திரிகை நடத்தி, உணர்வோடு எழுந்து நின்ற கதை அந்தப் பாடத்தில் எத்தனை இடத்தில் வருகிறது?

கடல் தாண்டியும் சொல் போயிருக்கிறது. மலேசியாவில் அது ஒரு வசவு. 2011இல் 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் பள்ளிப் பாடமாக வைக்கப்பட்டபோது, அதில் இந்தச் சொல் இருக்கிறது என்று இந்தியர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு முடிவிலேயே பாடம் திரும்பப் பெறப்பட்டது. இழிவாக எழுதினால் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் எதிர்ப்பில் இரண்டு குரல் இருந்தது. 'யாரையும் இப்படிச் சொல்லாதே' என்பது ஒன்று. 'எங்களைப் போய் அந்தச் சாதி என்று சொல்கிறாயே' என்பது இன்னொன்று. இரண்டாவது குரலை நமக்கு நன்றாகத் தெரியும். அது ஊர்த்தெருக் குரல்.

நம் ஊரில் இந்தப் பெயரின் நிலைமையைப் பாருங்கள். தாசில்தார் கொடுக்கும் சாதிச் சான்றிதழில் அது இருந்தாக வேண்டும். அதையே ஒருத்தன் நடுத்தெருவில் நம்மைப் பார்த்து வசவாகச் சொன்னால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். 2016 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆங்கிலப் பத்திரிகை தலையங்கத்தில் எழுதினால் அது நடை அழகு! தமிழ்ப் பத்திரிகைகள் மட்டும் சும்மாவா? கூட்டணி கிடைக்காத கட்சிக்காரர்கள் 'எங்களிடம் அரசியல் தீண்டாமை காட்டுகிறார்கள்' என்கிறார்கள். அதையும் அப்படியே போடுகிறார்கள். டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவனின் வலி, சீட்டு கிடைக்காதவனுக்கு உவமையாகிவிட்டது.

சொல்லைத் தடை பண்ணச் சொல்லி மனுப் போடலாம். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அகராதியிலிருந்து எடுத்துவிட்டால் சேரி ஊரோடு சேர்ந்துவிடுமா? அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் மாணவர்கள், எழுதுகிறவர்கள். 'தலித்துகள் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை' என்று செய்தி வரும். அனுமதிக்காதது யார்? எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த அதிகாரி? அந்த வாக்கியத்துக்கு எழுவாய் போடுங்கள். துண்டறிக்கை எழுதினாலும், ஆய்வேடு எழுதினாலும், புகார் மனு எழுதினாலும் ஒதுக்கியவனின் பெயரை முதலில் எழுதுங்கள்.

என் அக்கா மகளுக்கும் இதைத்தான் சொன்னேன். "அர்த்தத்தைப் படி. பரீட்சையில எழுது. மார்க்கை விட்டுறாத, அது உன் உரிமை. ஆனா உன் நோட்டுல அந்தச் சொல்லுக்குப் பக்கத்துல ஒரு கேள்வி எழுதி வை: ஒதுக்குனது யாரு?"

"அதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை மாமா?" என்று கேட்டாள். இதே மாதிரி பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிற அளவுக்குப் புழங்குகிற ஒரு சொல், ஒதுக்குகிறவனுக்கு ஆங்கிலத்தில் இல்லை. தமிழிலும் இல்லை. அந்தச் சொல்லை உண்டாக்குகிற பொறுப்பு உங்களுடையது என்று சொல்லி முடிக்கிறேன்.

ஜெய்பீம்.